வேலிக்கு ஓணான் சாட்சி

காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் கிளுவை வேலியின் கிழக்குப் பக்கமாக மெல்ல நடந்து பாருங்கள். இரவு குளிர்ந்த உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஓணான்கள் வேலியில் நட்ட கம்புகளான கதியால்களில் ஏறி, வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும். சூடு ஏறும்வரை ஓடுவதற்குச் சோம்பும். அதே நேரத்தில் வேலியின் மேற்குப் பக்கம் போனால் சருகுதான் மிச்சம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு இது தலைகீழாகும். பங்குனி, சித்திரை வெயிலில் பதினொன்று தொடங்கி மூன்றரை வரை எதையும் தேடுவது வீண். ஓணானும் நிழலில்தான் இருக்கும், நீங்களும் நிழலில் இருக்கலாம். மாரியில் கணக்கு வேறு. இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு வெயில் எறிக்கும் முதல் ஒரு மணித்தியாலம், அது எத்தனை மணிக்கு வந்தாலும், தவறவிடக்கூடாத நேரம்.

காட்டுயிர் பார்ப்பதென்றால் சுண்டிக்குளத்துக்கோ வில்பத்துவுக்கோ வான் பிடிப்பதைப் பற்றித்தான் இங்கே பலரும் கதைப்பார்கள். போகலாம், நல்லதுதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு என்று ஒன்றும் இல்லை. செம்மண் எல்லாம் தோட்டம், மிச்சம் குடிமனை, பனங்கூடல், வெறும் புல்வெளியான தரவை. இதற்குள் சின்ன உயிர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக இருக்கிற ஒரே வழி வேலிதான். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் வரிசையாக நின்று, கோவைக்கொடியும் முசுட்டையும் அதில் படர்ந்து, அடியில் சருகு சேர்ந்தால் தின்னப் பூச்சியும் நிழலும் ஒளிக்க இடமும் ஒரே கோட்டில் கிடைக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழியை வேறு பொருளில்தான் சொல்வார்கள். எங்கள் விடயத்தில் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம்.

ஓணானைத் தேடும்போது விலங்கைத் தேடாமல் கோட்டைத் தேடுங்கள். கதியாலின் நேர்கோட்டிலிருந்து சற்று விலகி நிற்கும் ஒரு புடைப்பு, கிளைக்குப் பொருந்தாத ஒரு வளைவு, கீழே தொங்கும் ஒரு நீள வால். இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் இடையில் கண்ணை ஓட்டினால் போதும். கண்டதும் நேராக அதை நோக்கி நடக்கக்கூடாது. சற்றுச் சரிவாக, அதைக் கடந்து போவதுபோல் நடந்து, மூன்று மீற்றர் அளவில் நில்லுங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் அதோடு சரி. பருந்தின் நிழலும் அப்படித்தான் விழும். தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் பக்கத்தில் இன்னொரு ஆண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

ஆள் நெருங்கினால் ஓணான் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அசையாமல் ஒரு பக்கம் நிற்க, மற்றவர் மறுபக்கமாக மெல்லச் சுற்றி வந்தால், நடக்கிறவரிடமிருந்து விலகி விலகி நிற்கிறவரின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். படம் எடுப்பவர் நிற்கிற ஆளாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் வேலிகளில் சாதாரணமாகக் காண்பது மண்நிற ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். இரத்தம் உறிஞ்சும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்குக் காரணம் அந்த நிறம்தான், வேறொன்றுமில்லை. அடர்ந்த வேலிகளிலும் மாமர நிழலிலும் பளிச்சென்ற பச்சையில், உடம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீண்ட வாலோடு, குறுக்கே வெளிறிய பட்டைகளோடு தெரிவது பச்சை ஓணான். இதைத்தான் ஊரில் பச்சோந்தி என்கிறார்கள். உண்மையான பச்சோந்தி வேறு. அதன் விரல்கள் இரண்டு கூறாகப் பிரிந்து குறடுபோல் கிளையைப் பிடிக்கும், வால் நுனி சுருளும், இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் நீங்கள் கண்டது ஓணான்தான். நிறம் மாறுவதை வைத்து முடிவு கட்டவேண்டாம், ஓணான்களும் நிறம் மாற்றும்.

மணற்காட்டுப் பக்கத்து மணல்மேடுகளிலோ தீவகத்துக் கடற்கரைகளிலோ புல்லும் மணலும் கலந்த வெளியில் கையளவு ஓணானொன்று பின்காலில் எழுந்து ஓடக் கண்டால் நின்று பாருங்கள். விசிறித்தொண்டை ஓணான். ஆண் கல்லொன்றில் ஏறித் தொண்டையை விசிறியாக விரித்து மடக்கும். பின்காலில் நான்கு விரல்தான், மற்ற ஓணான்களுக்கு ஐந்து. இலங்கையில் இருப்பவை இந்திய இனத்திலிருந்து வேறுபட்ட இரண்டு தனி இனங்கள் என்று 2015இல்தான் விவரிக்கப்பட்டது. இது வேலிக்கு வராது. மணல் அள்ளினால் போய்விடும்.

பகலில் எதுவும் அகப்படாதவர்களுக்கு இரவு இருக்கிறது. உண்மையில் ஒரு வளவில் எத்தனை ஓணான் இருக்கிறது என்று அறிய இரவே சிறந்தது. இருட்டி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு டோர்ச்சோடு வேலியோரம் போங்கள். ஓணான்கள் மெல்லிய கிளைகளின் நுனியில், தலை மேலே பார்க்கப் படுத்து உறங்கும். பாம்பு ஏறினால் கிளை அசையும், உடனே விழித்துவிடலாம் என்பது அந்த இடத்தின் வசதி. உறங்கும் ஓணான் வெளிறிப் போயிருக்கும். டோர்ச் ஒளியில் இலைகளுக்கு நடுவே வெள்ளைக் குச்சியாகத் தெரியும். டோர்ச்சைக் கண்ணின் மட்டத்தில், நெற்றிப் பொட்டோடு ஒட்டிப் பிடிப்பது முக்கியம். இடுப்பில் வைத்துப் பிடித்தால் பாதி தெரியாது, உயிர்களின் கண்ணில் பட்டு மினுங்கும் ஒளியும் திரும்பி உங்கள் கண்ணுக்கு வராது. நெருங்கிப் பார்க்க ஒளியைக் கைவிரல்களால் மறைத்துக் குறையுங்கள், அல்லது சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக இறப்பர் வளையத்தால் கட்டுங்கள். பிளாஷ் வேண்டாம், திடுக்கிட்டு விழுந்துவிடும். விழுந்த ஓணான் இருட்டில் திரும்ப ஏறாது, பூனைக்குத்தான் போகும்.

தரையில் நீலப்பச்சையாகப் புள்ளி புள்ளியாக மினுங்குவதெல்லாம் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். முதல்முறை பார்ப்பவர்கள் பனித்துளி என்று நினைப்பார்கள். தரவைப் பக்கம் செந்தணலாக ஒற்றைப் பொட்டுத் தெரிந்து, கிட்டப் போனதும் சத்தமில்லாமல் எழும்பினால் அது பக்கிக் குருவி.

மழை தொடங்கிய பின் ஈரமண்ணில் பெண் ஓணான் குழி தோண்டுவதைப் பகலிலேயே பார்க்கலாம். முன்காலால் கிண்டி, பத்து முதல் இருபது வரை முட்டையிட்டு, மண்ணை மூடி மூக்கால் தட்டித் தட்டி இறுக்கும். அந்த நேரத்தில் அது ஆளைக் கண்டு ஓடாது. அதைத் துணிவு என்று எண்ணிக் கிட்டப் போகாதீர்கள். பாதியில் விட்டுப் போனால் எறும்பு தின்றுவிடும். இடத்தை ஒரு குச்சியால் அடையாளம் வையுங்கள். ஆறேழு வாரத்தில் குஞ்சுகள் வரும். அதற்கு முன் அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டால் போதும், தண்ணீர் ஊற்றுவது போன்ற பணிவிடைகள் தேவையில்லை.

அரணையைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. கடித்தால் மரணம் என்பது பொய், நஞ்சே கிடையாது. சருகுக்குள் சரசரவென்று கேட்டு நின்று, மறுபடி சரசரத்தால் அரணை. சத்தம் விட்டு விட்டு வராமல் இழுபட்டுக்கொண்டே போனால் பாம்பாக இருக்கலாம். வெண்கல நிறமும் பக்கத்தில் மஞ்சள் கோடும் கொண்ட தடித்த அரணை கிணற்றுக் கட்டடியில் வெயில் காயும். மெல்லிய உடம்பும் சின்னக் காலும் கொண்ட இன்னொன்று பூச்சாடிக்குக் கீழே இருக்கும். அதன் குட்டிக்கு வால் சிவப்பு. சாடியைத் தூக்கினால் தூக்கிய இடத்திலேயே, மெல்ல வையுங்கள். வாலைப் பிடித்தால் வால்தான் கையில் மிஞ்சும். அரணைக்கும் பல்லிக்கும் அது திரும்ப வளரும், ஓணானுக்கு வளராது.

பல்லிகளையும் எல்லாம் ஒன்று என்று விட்டுவிடாதீர்கள். விறாந்தை லைற்றடியில் கத்துகிற பல்லிக்கு முதுகு வழுவழுப்பாக இருக்கும், வாலில் வளையம் வளையமாகச் சிறு முட்கள் இருக்கும். சாத்திரம் பார்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதன் குரலைத்தான். முதுகு முழுக்கப் பருப்பருவாகவும் கரும்புள்ளியாகவும் இருப்பது இன்னொன்று. மரப்பட்டையின் நிறத்திலேயே வேம்பிலும் புளியிலும் ஒட்டியிருக்கும் பெரிய மரப்பல்லி மூன்றாவது. அதை லைற்றடியில் தேடி நிற்காமல் அடிமரத்தில் டோர்ச் அடித்துப் பாருங்கள். முட்டை இரண்டிரண்டாக, கடின ஓட்டோடு, சாமிப்படத்துக்குப் பின்னாலும் சுவிச் பெட்டிக்குள்ளும் கிடக்கும்.

இனி முற்றம். செலவில்லாத கருவி அதுதான். மணல் முற்றத்தைக் காலையில் கூட்டுவது வழக்கம். ஒருநாள் பின்னேரம் கூட்டிப் பாருங்கள், விளக்கு வைப்பதற்கு முன்பே, இல்லாவிட்டால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். விடிய ஆறு மணிக்கு, யாரும் நடப்பதற்கு முன், சாய்வான வெயிலில் குனிந்து பார்த்தால் இரவு முழுக்க யார் வந்து போனார்கள் என்று தெரியும். முற்றம் சீமெந்து என்றால் வேலியிலுள்ள இடைவெளியான பொட்டுக்கு முன்னால் ஒரு மீற்றர்ச் சதுரத்தில் சல்லடையில் அரித்த மணலை இரண்டு விரல் ஆழத்துக்குப் பரவி, கைப்பிடி தண்ணீர் தெளித்து, பலகையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். காய்ந்த மணலில் தடம் சரிந்துவிடும், நனைந்து போனால் இலேசான உயிர்களின் தடம் பதியாது. கையால் அழுத்தினால் ரேகை பதிகிற அளவு ஈரம் சரி.

நாலு விரல், நகம் இல்லை என்றால் பூனை. நாலு விரல், நகம் உண்டென்றால் நாய். ஐந்து விரலும் நகமும் என்றால் கீரி அல்லது மரநாய். கீரி பகலில் நடக்கும், மரநாய் இரவில். ஆகவே பின்னேரம் சமன் செய்த மணலில் விடிய முன் பதிந்தது மரநாயாகவே இருக்கும். நடுவே மெல்லிய வால்கோடும் இருபுறமும் புள்ளிகளுமாகப் போனால் ஓணான் அல்லது அரணை. அதே அமைப்பு உள்ளங்கை அகலத்தில், வால்கோடு பாம்புபோல் நெளிந்து, நகம் ஆழப் பதிந்திருந்தால் உடும்பு. முயலின் தடத்தில் ஆட்கள் ஏமாறுவது முன்பின் குழப்பத்தால். முன்னால் தெரியும் இரண்டு நீளத் தடமும் பின்னங்காலுடையவை, பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் சிறிய இரண்டும் முன்னங்காலுடையவை. பாயும்போது பின்கால் முன்காலைத் தாண்டி விழுகிறது.

முயல் என்றதும் வளைக்குள் வாழும் வெள்ளை முயலை நினைக்கவேண்டாம். இலங்கையின் காட்டு முயல் வளை தோண்டாது. பிடரியில் கறுப்புத் திட்டும், வாலின் மேற்புறம் கறுப்பும் கொண்ட இந்த முயல், புல்லிலோ பற்றையடியிலோ உடம்பளவு பள்ளத்தில் பகலெல்லாம் படுத்திருக்கும். காலடிக்குள் வரும்வரை எழும்பாது. பகலில் தேடிப் பயனில்லை, தடயத்தைத் தேடுங்கள். புழுக்கை உருண்டையாக, சற்றே தட்டையாக, ஒரு சென்ரிமீற்றர் அளவில், உடைத்தால் வைக்கோல்போல் நார் நாராக இருக்கும். ஆட்டுப் புழுக்கை நீண்டு, மினுமினுத்து, குவியலாகக் கிடக்கும். கடித்த தண்டு கத்தியால் சரித்து வெட்டியதுபோல் இருந்தால் முயல், பிய்ந்து கிடந்தால் ஆடு.

நல்ல புழுக்கை கண்ட இடத்தில், ஒரு பக்கம் பற்றையும் மறுபக்கம் வெட்டையும் இருக்கும் விளிம்பில், காற்று உங்கள் முகத்துக்கு வரும்படி, பொழுதுபட அரை மணித்தியாலம் முன்பே போய்க் குந்துங்கள். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கே முகம் வைத்தால் சரி. காற்று பலமாக அடிக்கும் நாளில் முயல் வெட்டைக்கு வரத் தயங்கும். காதை நம்பும் விலங்கு, காற்றில் காது கேளாது. டோர்ச் ஒளியில் கண் செம்மையாக மினுங்கும். நிலாக் காலத்தில் டோர்ச்சே வேண்டாம். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 (எட்டு மடங்கு, 42 மில்லிமீற்றர் முன்கண்ணாடி) வாங்குங்கள். பத்து மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கை நடுக்கமும் பத்து மடங்காகும், மங்கலில் பார்க்கவும் கடினம். தெளிவாகத் தெரியும் கிட்டத்து எல்லை இரண்டு மீற்றருக்குள் இருந்தால் அதிலேயே ஓணானையும் பார்க்கலாம்.

முயற்குட்டி தனியே கிடந்தால் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அது பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறப்பது. தாய் வேண்டுமென்றே விலகியிருந்து, சிறிது நேரம் வந்து பால் கொடுத்துப் போகும். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பசும்பால் கொடுத்து வளர்க்கப் பார்த்தால் வயிற்றோட்டத்தில் செத்துப்போகும்.

ஊருக்குள் முயலுக்கு மிஞ்சியிருக்கும் இடம், உரித்தாளர் வெளிநாட்டில் இருக்கும் வெறும் வளவுகள். டெங்குக் காலம் வந்ததும் அவற்றை அடியோடு வெளியாக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டார் நெருக்குவார்கள். நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி, அடைபட்ட பீலியில் தேங்கும் தண்ணீரில். அவற்றைப் பொறுக்கி அகற்றிவிட்டுப் பற்றையில் ஒரு மூலையை விட்டுவைப்பதால் டெங்கு கூடாது. இதை யாரும் கேட்கிறதாய் இல்லை என்பது வேறு கதை.

பனையைக் கீழிருந்து மேலே பாருங்கள். காய்ந்து தொங்கும் ஓலைகளின் உட்புறம் வௌவால்களுக்கு இருப்பிடம். அந்த ஓலைகளிலேயே பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும். பொழுதுபடும்போது மரத்திலிருந்து பதினைந்து மீற்றர் தள்ளி, வானம் பின்னால் தெரிய நின்றால் உழவாரன் உள்ளே போவதும் வௌவால் வெளியே வருவதும் ஒரே நேரத்தில் தெரியும். வேலிக்கு ஓலை வெட்டுகிறவர்கள் மரத்துக்குச் சில காவோலையை விட்டுவைத்தால் நல்லது. கள்ளு முட்டியைக் கவிழ்த்தது மரநாய் என்று சீவல் தொழிலாளர்கள் சொன்னால் நம்பலாம். மதில் மேலோ கூரையிலோ ஒரே இடத்தில் விதை நிறைந்த எச்சம் கிடந்தால் அதன் வழி அங்கேதான்.

கிணற்றுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். கல்லிடுக்கில் தேரையும், தண்ணீரில் ஆமையும் இருக்கும். மாரியில் தொட்டிச் சுவரில் சவர்க்கார நுரை ஒட்டிக் காய்ந்ததுபோல் ஒன்று கண்டால் தேய்த்துக் கழுவாதீர்கள், மரத்தவளையின் முட்டைக் கூடு. சில நாளில் வால்பேத்தைகள் தண்ணீரில் விழும். கட்டில்லாத தோட்டக் கிணறுகளில் உடும்பும் முயலும் கீரியும் விழுந்து சாகின்றன. முடிச்சுப் போட்ட தடித்த தும்புக் கயிறோ, நீளமான தென்னோலையோ தண்ணீரைத் தொடும்படி கட்டித் தொங்கவிட்டால் ஏறி வந்துவிடும். முயலுக்குக் கயிறு உதவாது, சரிவாக இறக்கிய பலகை வேண்டும்.

உடும்பையும் நீர் உடும்பான கபரகொய்யாவையும் மூக்கைப் பார்த்துப் பிரிக்கலாம். உடும்பின் மூக்குத் துளை கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே சரிந்த கீறல்போல் இருக்கும், மற்றதற்கு நுனியருகே வட்டமாக இருக்கும். புற்றுக்குப் பக்கத்தில் காலை ஒன்பதரை, பத்துக்குப் பாருங்கள். உடும்பிறைச்சிக்குப் பெயர்போன ஊர் இது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆகவே கண்ட இடத்தைத் தேநீர்க்கடையில் சொல்லாதீர்கள், முகநூலில் இடத்தோடு போடவும் வேண்டாம்.

கால் வைக்கும் இடம் பற்றி. சறம் கட்டிச் செருப்போடு பற்றைக்குள் போவது மடத்தனம். கணுக்கால் மூடும் சப்பாத்து வேண்டும். மணற்பாங்கான இடங்களில் கல்லுக்கும் மட்டைக்கும் கீழே சுருட்டைப் பாம்பு இருக்கும், தோட்டத்திலும் வைக்கோலிலும் புடையன் பாம்பு. கல்லைத் தூக்கும்போது மறுபக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். அப்போது கல் உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே நிற்கும். கடித்துவிட்டால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட பகுதியை அசைக்காமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள், அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் வளவுகளில் பற்றை மூடிய பாழ்கிணறு பாம்பைவிட ஆபத்து. தடியால் தட்டித் தட்டித்தான் நடக்கவேண்டும், இரவில் போகவே கூடாது. முகமாலைப் பக்கமோ வேறெங்கோ மிதிவெடிப் பலகை கண்டால் எந்த உயிருக்காகவும் உள்ளே கால் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் மண்ணில் புதைந்த உலோகப் பொருளைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் வேலி இருக்கும்வரை. கதியால் வேலி போய்த் தகரமும் கொங்கிறீற் மதிலும் வந்த ஒழுங்கைகளில் பல்லியும் அணிலும்தான் மிச்சம். மதிலுக்குக் காரணம் உண்டு, கள்ளர் பயமும் கிடுகு விலையும் பொய்யில்லை. ஆனால் கட்டும்போதே அடிவரிசையில் பத்து மீற்றருக்கு ஒன்றாகப் பதினைந்து சென்ரிமீற்றர்ச் சதுரத் துளை விட்டால் கீரியும் ஆமையும் உடும்பும் போய்வரும், ஆள் நுழைய முடியாது. துளை நிலமட்டத்தில் இருக்கவேண்டும். அரை அடி உயர்த்திவிட்டால் ஆமைக்கு அது சுவர்தான். வாசலுக்கும் நாய்க்கூட்டுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரு பாய் அகலத்துக்குச் சருகைக் கூட்டாமல் விடுங்கள், வெட்டவெளியில் வந்து திறக்கும் துளையை எதுவும் பயன்படுத்தாது. முன்பே கட்டிய மதில் என்றால் அடிக்கல்லில் ஒன்றை மேசனைக் கொண்டு எடுப்பிக்கலாம், மேல்வரிசையைத் தாங்க ஒரு சின்ன லின்ரல் துண்டு வைத்தால் வெடிக்காது. நைலோன் வலையால் தோட்டத்தை அடைக்கிறவர்கள் வலையின் அடி ஓரத்தை இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்து கிடக்கும் மடிப்பில்தான் சாரையும் உடும்பும் சிக்குகின்றன. சிக்கியதை இழுக்காமல், தலைப்பக்கத்தைச் சாக்கால் மூடி, கத்தரிக்கோலால் நூல் நூலாக வெட்டிவிடவேண்டும். எந்தப் பாம்பென்று நிச்சயமில்லாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தாரை அழையுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.